முதுமையில் கைவிரல்கள்: பிடி இருக்கிறது, நிதானம் எங்கே போயிற்று?

நாற்பது ஆண்டுகளாகக் கைக்கடிகாரங்களைப் பழுதுபார்த்து வரும் எனக்கு இப்போது வயது 67. இறுகிப்போன பின்மூடியைத் திறப்பதில் இன்றும் சிரமமில்லை. எள்ளளவுத் திருகாணியை இடுக்கியால் எடுத்து அதன் துளையில் வைக்கும்போதுதான் விரல் தடுமாறுகிறது. பலம் குறைந்துவிட்டது என எண்ணி, சில மாதங்கள் ரப்பர் பந்தை அழுத்திப் பார்த்தேன். பிடி இறுகியதே தவிர, தடுமாற்றம் அப்படியே இருந்தது.

நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்று கூறி விளக்கினார். தண்டுவடத்திலுள்ள ஒரு நரம்புச் செல்லும் அது இயக்கும் தசை நார்களும் சேர்ந்ததே ஓர் இயக்க அலகு. வயது ஏற ஏற, குறிப்பாக 60-க்குப் பிறகு, இச்செல்களில் ஒரு பகுதி அழிந்துபோக, ஆதரவிழந்த நார்களில் பலவற்றை எஞ்சியிருக்கும் செல்கள் புதுக் கிளைகளை விட்டுத் தம்முடன் இணைத்துக்கொள்கின்றன. ஆகவே அலகுகளின் எண்ணிக்கை குறைந்து, எஞ்சியவை பெருத்துவிடுகின்றன. சில்லறை தீர்ந்து பெரிய நோட்டுகள் மட்டும் மிஞ்சிய பையைப் போன்றது என் கை என்று புரிந்துகொண்டேன். இறுக்கிப் பிடிக்கையில் பல அலகுகள் ஒன்றாக இயங்குவதால் குறை தெரிவதில்லை; மென்மையாகப் பிடிக்கையில் இயங்குபவை சிலவே என்பதால், ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கமும் விரல் நுனியில் தெரிந்துவிடுகிறது. பந்து பயிற்சி ஏன் உதவவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

மறுமொழி

என் அனுபவம் சற்று வேறு. 71 வயதில் காகிதக் குவளையை நசுக்கிவிடும் அளவுக்கு அழுத்திப் பிடிக்கத் தொடங்கினேன். விரல் நுனித் தோலின் தொடு உணர்வு மங்குவதால், பொருள் நழுவிவிடாதிருக்கத் தேவைக்கு மேல் விசை செலுத்துவது முதியவர்களிடம் இயல்பு என்றார்கள். அத்துடன் விட்டிருப்பேன். ஆனால் இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் உறக்கம் கலைந்தது. கட்டைவிரலின் அடிச்சதையும் வற்றத் தொடங்கியது. நரம்புக் கடத்தல் சோதனையில், இவ்விரல்களுக்குச் செல்லும் நடு நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படுவது தெரியவந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மரப்பு நீங்கியது. சதை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதி ஓராண்டை வீணாக்கினேன் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

முதல் பதிவர்

எனக்கு மரப்பு இல்லை. இருந்தால் தாமதிக்க மாட்டேன். இப்போது முன்கையையும் மணிக்கட்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, பந்துக்குப் பதிலாக, பழைய திருகாணிகளை மிக லேசான பிடியில் எடுத்து வைத்துத் தினமும் பழகுகிறேன். இடுக்கியிலிருந்து தெறித்து விழுபவை குறைந்துள்ளன. மிகச் சிறிய பாகங்கள் கொண்ட பெண்களின் கடிகாரங்களை மட்டும் இன்னமும் காலை வேளையில்தான் தொடுகிறேன்.