கன்னியாகுமரி: மே கடைசியில் மூன்று நாள், எங்கெல்லாம் போகலாம்?

கேள்வி – ஈரோட்டுக்காரன்:
அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வருகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, அதிகம் படியேற முடியாது. பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். விவேகானந்தர் பாறை, கண்ணாடிப் பாலம் தவிர வேறு என்ன பார்க்கலாம்? சூரிய அஸ்தமனத்துக்கு எங்கே நிற்பது? வாடகைக் கார் இருக்கிறது.

பதில் – நெல்லைச் சீமை:
சுசீந்திரம் கோயிலை விட்டுவிடாதீர்கள். 18 அடி ஆஞ்சநேயர், தட்டினால் இசை எழும் கல்தூண்கள். அம்மா நிதானமாகச் சுற்றி வரலாம்.

பதில் – வடசேரி வாசி:
அண்ணா, நான் நாகர்கோவில். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முனையில் படகுக்கு வரிசையில் நின்றே பாதி நாளைத் தொலைத்துவிட்டுப் போவதைப் பார்த்தால் மனசு கேட்காது. காலை முதல் படகிலேயே போய் அந்த வேலையை முடித்துவிடுங்கள். மிச்ச நேரத்தை மேற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தமனம் பற்றிக் கேட்டீர்கள். மே மாதத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து இறங்கும். கன்னியாகுமரி ஊரில் நின்றால் அது கரைப்பக்கம் போய் மறைந்துவிடும், கடலில் விழாது. முட்டத்துக்குப் போங்கள். அங்கே கரை தென்மேற்கைப் பார்த்து இருப்பதால் எந்த மாதமும் கடலுக்குள்ளேயே இறங்கும். கலங்கரை விளக்கம், செம்மண் மேடு, கீழே கரும்பாறைகள். அலை அடித்த பாறை எப்போதும் வழுக்கும், பிள்ளைகளை அதில் ஏற விடாதீர்கள். அம்மா மேட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு அரை நாள் வேண்டும். திங்கள் விடுமுறை. இடம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரள அரசு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனதும் தரையைக் கவனியுங்கள். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்ததாகச் சொல்வார்கள். கறுத்து, பளபளவென்று, கால் வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். மரப்படிகள் குறுகல், செங்குத்து. அம்மாவுக்குக் கீழ்த்தளம் போதும்.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு அவருக்கே படைத்தளபதி ஆனார். கல்லறை இங்கேதான். அவர் கைவண்ணம் பட்ட வட்டக்கோட்டை, கன்னியாகுமரிக்கு வடகிழக்கே. கருமணல் கரையோடு ஒரு காலை நேரத்துக்கு அருமை.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. கடல் குளியல்?

பதில் – வடசேரி வாசி:
இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், மே மாதம் இந்தக் கரையில் வேண்டாம். கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தூரத்துத் தென்கடலில் கிளம்பும் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் இறந்துபோனார்கள். எச்சரிக்கை விட்டிருந்த நாள் அது. கால் நனைக்கிறேன் என்று இறங்குவதுகூட ஆபத்து. மீனவர்கள் யாராவது 'இறங்காதீங்க' என்றால் மறுபேச்சு பேசாமல் திரும்பிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குத் திற்பரப்பு அருவி இருக்கிறது. தண்ணீர் விழுகிறதா என்று முதல் நாளே தங்கும் இடத்தில் விசாரியுங்கள். போகிற வழியில் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் ஓடும் தொட்டி, அதை ஒட்டியே நடக்கலாம். மேலேயே கார் நிற்கும், அம்மாவும் கொஞ்ச தூரம் வந்து பார்க்கலாம். ஆற்றுக்கு இறங்கும் படிகள் அவருக்கு வேண்டாம்.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் (உங்கள் ஊர் மரவள்ளி) மீன்குழம்பும் கிடைக்கிற கடையில் சாப்பிடுங்கள். மட்டி வாழைப்பழம் கண்ணில் பட்டால் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள், ஈரோட்டில் அது கிடைக்காது.