கிரகணமா, கரவா? தாராவின் கோலத்துக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

துணை தேடும் காலம் முடிந்ததும் ஆண் தாரா பூணும் மங்கிய இறகுடையை ஆங்கிலத்தில் 'எக்லிப்ஸ் புளூமேஜ்' என்பார்கள். அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட 'கிரகண இறகு' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. கிரகணம் சில நாழிகையில் விட்டுவிடும். நீலச்சிறகித் தாராவின் ஆணோ ஏறத்தாழ ஆனி தொடங்கி மாசி வரை அந்த மங்கிய உடையிலேயே திரிகிறது. (வன்னியில் எங்களுக்கு அது தாராதான், வாத்து என்பது புத்தகத்தில் படித்த சொல்.)

பொருளைப் பார்த்தால் சொல் கிடைத்துவிடும். ஐரோப்பாவிலும் ஆசியாவின் வட பகுதிகளிலும் இந்தப் பறவை குஞ்சு பொரிக்கிறது. பெட்டை மூன்று கிழமை அடைகாக்கும். அது முடியுமுன்பே ஆண் விலகிவிடும். கண்ணுக்கு மேல் பிறைபோல் வளைந்த வெள்ளைப் பட்டை மறைந்து, பெட்டையைப் போலத் தவிட்டு நிறமாகிவிடும். அதோடு பறப்பிறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிரும். புதியவை முளைக்கும் வரை, சில கிழமைகள், பறக்க இயலாமல் நாணலுக்குள் ஒளிந்துதான் உயிர் பிழைக்கிறது.

ஆகவே 'கரவுக்கோலம்' என்கிறேன். கரத்தல், ஒளித்தல். இதற்கு இணையும் தானாகவே அமைகிறது: துணை தேடும் காலத்து உடை 'மணக்கோலம்'. 'மங்கல்கோலம்' என்ற இன்னொரு யோசனையும் வந்தது. வேகமாக வாசிப்பவர் அதை மங்கலக்கோலம் என்று படித்துவிடுவார். பொருள் நேர் எதிராகிவிடும்.

ஐப்பசியில் நம் குளங்களுக்கு வரும்போது புதுச் சிறகு முளைத்திருக்குமே, பிறகு என்ன கரவு என்று கேட்கலாம். கடந்த மார்கழியில் கட்டுக்கரைக்குளத்துக் குளக்கட்டில் நின்று நாற்பது வரையில் எண்ணினேன். எல்லாம் பெட்டை என்று கொப்பியில் எழுதியும் விட்டேன். அப்போது ஒன்று ஒற்றைச் சிறகை விரித்து, காலையும் கூடவே பின்னுக்கு நீட்டிச் சோம்பல் முறித்தது. முன்சிறகில் சாம்பல் கலந்த வெளிர்நீலம் தெரிந்தது. ஆண்! உடல் முழுவதும் நிறம் மாறினாலும் அந்த நீலம் மட்டும் மாறுவதில்லை. நீலச்சிறகி என்று பெயர் வைத்தவர் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறார். எழுதியதை அடித்துவிட்டு, ஒவ்வொன்றும் பறக்கும் வரை காத்திருந்து திரும்ப எண்ணினேன். பறக்க முடிந்தாலும் அது தன்னை இன்னும் கரந்தே வைத்திருக்கிறது.

பறப்பிறகு இல்லாத அந்தச் சில கிழமைகளுக்கும் தனிச்சொல் தேவை. 'பறப்பொழி காலம்' என்று எழுதிப் பார்த்தேன். ஓசை நிறைவாக இல்லை. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.