பேய் மீட்டருக்கு முன் காற்று மீட்டர்: அமானுஷ்ய ஆய்வுக் குழுக்களின் களக் குறிப்புகள்

இரவு ஆய்வுக்குப் போகிறவர்கள் பையிலிருந்து முதலில் எடுப்பது ஈ.எம்.எஃப் மீட்டர், அதாவது மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி. எடுக்க வேண்டியதோ, எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அளக்கும் மீட்டர். "அந்த அறைக்குள் போனாலே தலை பாரமாகிறது, குமட்டுகிறது, பின்னால் யாரோ நிற்கிறார்கள்" என்று வீட்டார் சொன்னால், ஆவியைப் பற்றிக் கேட்பதற்கு முன் அடுப்பும் கொதிகலனும் புகைபோக்கியும் எங்கே என்று கேளுங்கள். 1921இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் எழுதிய குடும்பத்துக்கு இதெல்லாம் நடந்தது: காலடிச் சத்தம், உருவங்கள், விடாத தலைவலி. தொட்டிச் செடிகள்கூடப் பட்டுப்போயின. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகை அறைகளுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

சுவரில் மாட்டும் வீட்டு அலாரத்தை நம்பாதீர்கள். 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் அது ஒலிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அளவை எண்ணில் காட்டும் கையடக்க மீட்டர்தான் வேண்டும். 35 தாண்டினால் எல்லோரும் வெளியே. குழுவே கொண்டுவரும் ஜெனரேட்டரும் இதே வாயுவைத்தான் கக்கும். தாழ்வாரத்தில் வைக்காதீர்கள், கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள்.

* * *

காற்றைப் பற்றிச் சொன்னதோடு கிணறு, நிலவறை, தொட்டி மூன்றையும் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் மயங்கி விழுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிற விபத்து. அளக்கக் கருவி இல்லையென்றால் அந்த இடத்தை ஆய்விலிருந்தே விட்டுவிடுங்கள்.

மற்றபடி ஆளை விழுத்தாட்டுவது தரைதான். பகலில் ஒருமுறை முழுக்க நடந்து பார்க்காத கட்டடத்துக்குள் இரவில் போகவே கூடாது. மரத்தளத்தில் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும். உத்தரம் அந்த வரிசைக்கு அடியில்தான் ஓடுகிறது. அதன் மேலேயே, சுவரோரமாக நடங்கள். முன்காலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்த பிறகே எடையை மாற்றுங்கள். பலகை கறுத்து, விரலால் குத்தினால் பொதுக்கென்று உள்ளே போனால், அந்த அறை வாசலில் நாடா கட்டிவிடுங்கள். வௌவால், புறா எச்சம் கிடந்தால் என்95 முகக்கவசம் போடுங்கள், காய்ந்த எச்சத்தைக் கிளறாதீர்கள். பழைய குழாய்களில் சுற்றிய உறை பிய்ந்து தொங்கினால் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்; அதற்கு என்95 போதாது, திரும்பி வாருங்கள்.

* * *

ஆட்கள் விஷயத்தில் சில குழுக்கள் இளகிவிடுகின்றன. அது கூடாது. இருவருக்குக் குறைந்து யாரும் எங்கும் போகக் கூடாது. ஒருவர் வெளியே வாசலில், உரிமையாளரின் எழுத்து மூல அனுமதி, கட்டட வரைபடம், எல்லோருடைய அவசரத் தொடர்பு எண்களுடன் இருக்க வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஜோடியும் குரல் கொடுக்க வேண்டும். 10 நிமிடம் தாமதித்தால் பதிவையெல்லாம் நிறுத்திவிட்டுத் தேடப் போகலாம், அதுவும் ஜோடியாக. "விளக்கு" என்று யார் கத்தினாலும் எல்லா டார்ச்சும் எரிய வேண்டும். ஏன் கத்தினாய் என்ற கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வாக்கிடாக்கி பேசும் நேரத்தைக் குறித்து வையுங்கள். கே2 என்ற ஈ.எம்.எஃப் மீட்டரின் விளக்குகள் பல சமயம் அதற்குத்தான் எரிகின்றன. கைபேசிக்கும் அப்படியே. குரல் பதிவில் வயிறு உறுமினாலும் செருப்பு தேய்ந்தாலும் அப்போதே வாயால் சொல்லிவிடுங்கள். மறுநாள் ஹெட்போனில் அது யாரோ பேசுவதாகத்தான் கேட்கும்.

"குளிர்ந்த இடம்" என்ற பதிவுகளில் பாதிக்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி காற்றை அளப்பதில்லை, எதிரே உள்ள பரப்பைத்தான் அளக்கிறது. 12:1 விகிதக் கருவியை (தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) 12 அடி தள்ளி நின்று நீட்டினால், சுவரில் ஓர் அடி அகல வட்டத்தின் சராசரி கிடைக்கும். வட்டத்துக்குள் ஜன்னல் கண்ணாடி வந்தால் அளவு சட்டென்று இறங்கும். காற்றை அளக்க, உணரும் நுனி வெளியே தெரியும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானியே சரி.

* * *

குடியிருப்பவர்களிடம் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் யாராவது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்தவோ மாற்றவோ எந்தக் குழுவும் சொல்லக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் "ஏதோ இருக்கிறது" என்று அன்றிரவே சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். காற்று, மின்சாரம், தரை இவற்றில் கண்ட பழுதுகளை மட்டும் அன்றே எழுதிக் கையில் கொடுங்கள். பதிவுகளைக் கேட்டு முடித்த பிறகு மற்றதைப் பெரியவர்களிடம் தனியாகப் பேசலாம்.