ஐஎஸ்38 டர்போ கிட் விற்க வேண்டும்: சென்னையில் பேலன்ஸ் ரிப்போர்ட் எங்கே கிடைக்கும்?

வணக்கம். பயன்படுத்திய ஐஎஸ்38 (கம்பெனி டர்போவைவிடப் பெரியது) டர்போ கிட் ஒன்று விலை போகாமல் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் டர்போவுக்குள் இருக்கும் கம்ப்ரசர் வீலை விரலால் ஆட்டிவிட்டு, "ஷாஃப்ட் ஆடுது, டர்போ போயிடுச்சு" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

கார் 2017 ஆக்டேவியா ஆர்எஸ் 230. கம்பெனியில் வந்த ஐஎஸ்20 டர்போவைத் திரும்ப மாட்டியாச்சு. கிட் ஓடியது சுமார் 18,000 கி.மீ. கூடவே 3 இன்ச் டவுன்பைப், இன்டர்கூலர், ஆயில் லைன், புது கேஸ்கெட் செட். மேப் (இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூவில் ஏற்றும் ட்யூனிங் மென்பொருள்) மட்டும் வாங்குபவர் தன் காருக்குத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இதன் ஜர்னல் பேரிங் ஆயில் படலத்தில் மிதந்து ஓடுவது. கழற்றி உலர்ந்த டர்போவில் பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பார்க்க வேண்டியது முன்பின் அசைவு. அது கைக்குத் தட்டுப்படவே இல்லை. ஷாஃப்டை ஒரு பக்கமாக அழுத்திச் சுற்றினாலும் பிளேடு ஹவுசிங்கில் உரசவில்லை. கம்ப்ரசர் வாயில் லேசான ஆயில் ஈரம் உண்டு, பிசிவி (இன்ஜினின் ஆயில் ஆவியைத் திரும்ப காற்றுப் பாதைக்கு அனுப்பும் அமைப்பு) ஆவியால் வருவது. டர்பைன் பக்கம் சுத்தமாகக் காய்ந்திருக்கிறது.

ஆட்டத்தை டயல் கேஜால் அளந்த வீடியோ, காரில் ஓடியபோது பதிவான பூஸ்ட் (காற்றழுத்த) லாக் இரண்டையும் காட்டியாச்சு; விற்பவர் எடுத்ததை நம்பமாட்டார்கள், அது நியாயம்தான். புதுப்பேட்டையில் பழைய இரும்பு விலை சொல்கிறார்கள். டீசல் டர்போ ரீகண்டிஷன் கடைகளில் கோரை, அதாவது ஷாஃப்டும் வீல்களும் பேரிங்கும் சேர்ந்த நடுப்பாகத்தை, பிரித்து ரிப்பேர் கிட் போடத்தான் தயார். நல்ல கோரைப் பிரித்தால் இருக்கிற பேலன்ஸும் போய்விடும்.

கோரைப் பிரிக்காமல் விஎஸ்ஆர் மெஷினில் (கோரை அதிவேகத்தில் சுற்றி அதிர்வை அளந்து பேலன்ஸ் பார்ப்பது) ஓட்டி, பிரிண்ட் ரிப்போர்ட் தரும் கடை சென்னையிலோ சுற்றுவட்டாரத்திலோ எங்கே இருக்கிறது?