பவுலிங் பந்து: எத்தனை பவுண்டு, எப்படிப் பராமரிக்கணும்?

கேள்வி (அஸ்தம்பட்டி): பின்களைச் சாய்க்க உருட்டுற பவுலிங் ஆட்டத்துக்கு சொந்தமா ஒரு பந்து வாங்கப் போறேன். என் எடை 70 கிலோ. எதை எடுக்கலாம்? சேலம் வெயிலைத் தாங்குமா அண்ணா?

பதில்: உடல் எடையில பத்துல ஒரு பங்குன்னா உங்களுக்கு 7 கிலோ, அதாவது சுமார் 15 பவுண்டு வரும். அது வெறும் தோராயக் கணக்கு. 13-லயே ஆரம்பிங்க, மூணாவது கேம்ல தோள் தொய்ஞ்சா அதுவும் கனம்தான். முதல் பந்து பாலியெஸ்டர் (பிளாஸ்டிக்) போதும், நேரா ஓடும், பின்னாடி ஸ்பேருக்கும் (முதல் வீச்சுல விழாத பின்களை ரெண்டாவது வீச்சுல சாய்க்கிறதுக்கும்) ஆகும். பந்து நழுவாம இருக்க கட்டைவிரலை மடக்கிப் பிடிக்க வேண்டியிருந்தா துளை பெரிசுன்னு அர்த்தம்.

பதில்: தம்பி, மே மாசம் கார் டிக்கியில மட்டும் வைக்காதீங்க. மேலோடும் உள்கருவும் ஒரே அளவுல விரியாது. ரெண்டு விரல் துளைக்கும் நடுவுல இருக்குற மெல்லிய பாலத்துலதான் முதல் கீறல் விழும். மத்தியானம் சேலம் சூடு, ராத்திரி ஏற்காடு குளிர்னு அலைய விட்டாலும் ஆபத்துதான்.

பதில்: வளைஞ்சு ஓடுற ரெசின் பந்து, லேன்ல (பந்து உருள்ற பாதையில) பூசியிருக்கிற எண்ணெயைக் குடிக்கும், அப்புறம் சரியா வளையாது. ஆடி முடிச்ச உடனே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால துடைங்க. 50, 60 கேமுக்கு ஒருமுறை துளைகளை டேப் ஒட்டி அடைச்சு, 50 டிகிரி வெந்நீர்ல 20 நிமிஷம் முக்குங்க. தண்ணி மேல எண்ணெய் வட்டம் வட்டமா மிதக்கும். கொதிக்கிற தண்ணி வேண்டவே வேண்டாம்.