புதுப்பிப்பு: ஆர்.ஐ.சி.எஸ் உறுப்பினர் விண்ணப்பம்

ஆர்.ஐ.சி.எஸ் என்பது நில அளவை, சொத்து, கட்டுமானத் துறையினருக்கான தொழில் அமைப்பு. அதில் அசோசியேட் என்ற தொடக்க நிலையில் சேர்வதா, நேராக எம்.ஆர்.ஐ.சி.எஸ் என்ற முழு உறுப்பினர் தகுதிக்கே போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பட்டமும் கள அனுபவமும் இருப்பதால் இரண்டாவது வழியிலேயே இறங்கிவிட்டேன்.

நேர்காணல் ஒரு மணி நேரம். முதல் 10 நிமிடம் நம் கேஸ் ஸ்டடியை விளக்க வேண்டும். அதற்கான 3,000 சொல் அறிக்கைதான் ஆளை வாட்டுகிறது. பெரிய திட்டம்தான் வேண்டும் என்றில்லை, நாமே முடிவெடுத்த வேலையாக இருக்க வேண்டும். பழைய வரைபடமும் களமும் ஒத்துப்போகாத ஒரு சின்ன எல்லை அளவீட்டை எடுத்திருக்கிறேன். ஏன் இந்த முறை, ஏன் அது வேண்டாம் என்று எழுத அதில் நிறைய இருக்கிறது. தொழில் நெறிக் கேள்விகளை மட்டும் லேசாக நினைக்காதீர்கள்.

அப்புறம், சேர்ந்த பிறகு என்ன என்று கேட்டவருக்கு: சந்தா ஆண்டுதோறும் கட்ட வேண்டும். உறுப்பினர்கள் ஆண்டுதோறும் காட்ட வேண்டிய தொடர் கற்றல் நேரத்தை அவ்வப்போதே பதிந்துவிடுங்கள். டிசம்பரில் உட்கார்ந்து மொத்தமாக நினைவுபடுத்துவது பெரும்பாடு.