ராக்கியில் வந்த ஜி++, ஃபெடோராவில் ஏன் வரவில்லை? ('டெவலப்மென்ட் டூல்ஸ்' குழு)

கேள்வி: மேக்ஃபைல்

வணக்கம். மேசைக் கணினியில் ராக்கி லினக்ஸ் 9, மடிக்கணினியில் ஃபெடோரா 41 என்று இரண்டு லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (விநியோகங்கள்) வைத்திருக்கிறேன். நான் எழுதும் சி++ நிரல் ஒன்றை இரண்டிலும் கம்பைல் செய்ய வேண்டும். ராக்கியில், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிஎன்எஃப்பில் 'டிஎன்எஃப் குரூப் இன்ஸ்டால்' (ஒரு குழுவை மொத்தமாக நிறுவும் கட்டளை) என்று போட்டு, மேற்கோள் குறிக்குள் 'டெவலப்மென்ட் டூல்ஸ்' என்று கொடுத்தேன். கம்பைலர், நிரலைக் கட்டும் கருவியான மேக், பிழை தேடும் கருவியான ஜிடிபி எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. ரொம்பப் பிடித்துப்போனது.

அதே வரியை ஃபெடோராவில் கொடுத்தால் அப்படியொரு குழுவே இல்லை என்கிறது. பட்டியலை எடுத்துப் பார்த்து, நடுவில் சிறுகோடு போட்டு 'டெவலப்மென்ட்-டூல்ஸ்' என்று எழுதியதும் ஏற்றுக்கொண்டது. சரி, முடிந்தது என்று நினைத்து மேக் ஓட்டினேன். சி++ கம்பைலரை அழைக்கும் ஜி++ என்ற கட்டளை இல்லை என்று நின்றுவிட்டது. குழு நிறுவப்பட்டதாகத்தான் காட்டுகிறது. நான் எதை விட்டேன்?

இன்னொன்று: இந்தக் குழுவை நீக்கினால் கிட்டும் (நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) சேர்ந்து போய்விடுமா? அதை முன்பே தனியாக நிறுவி வைத்திருந்தேன். பயத்தில் இன்னும் எதையும் தொடவில்லை.

பதில்: பழையமுனையம்

நீங்கள் எதையும் விடவில்லை. அந்தக் குழுவில் ஜி++ கிடையாது, அவ்வளவுதான்.

பேக்கேஜ் குழு என்பது தனியாக ஒரு பேக்கேஜ் இல்லை. டிஎன்எஃப் பயன்படுத்தும் டிஸ்ட்ரோக்கள் ஒவ்வொன்றும் தன் ரெப்போவோடு (பேக்கேஜ் களஞ்சியம்) சேர்த்து ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை வெளியிடுகிறது, 'காம்ப்ஸ்' என்பார்கள். எந்தக் குழுவில் எது என்று அதில்தான் எழுதியிருக்கும். ராக்கியின் கோப்பு ரெட்ஹேட் வழியில் வந்தது. அங்கே 'டெவலப்மென்ட் டூல்ஸ்' என்றால் ஜிசிசி (சி கம்பைலர்), ஜிசிசி-சி++ (ஜி++ இதில்தான் வரும்), மேக், ஆட்டோகான்ஃப், பைசன் எல்லாம் உள்ளே இருக்கும். ஃபெடோரா அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'டெவலப்மென்ட்-டூல்ஸ்' குழுவில் கிட், பேட்ச், டாக்சிஜன் மாதிரியான பொதுக் கருவிகள். கம்பைலர்கள் இருப்பது 'சி-டெவலப்மென்ட்' குழுவில். உங்களுக்கு வேண்டியது அதுதான்:

சூடோ டிஎன்எஃப் குரூப் இன்ஸ்டால் சி-டெவலப்மென்ட்

முதலில் பெயரை ஏற்காததற்குக் காரணம் வேறு. ஃபெடோரா 41 முதல் டிஎன்எஃப் என்று அடித்தாலே ஓடுவது டிஎன்எஃப் 5. குழுவை நிறுவும்போது அது ஐடியை (குழுவின் அடையாளக் குறும்பெயர்) மட்டும்தான் ஏற்கும். நீளமான பெயரைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடும். ராக்கி 9-இல் இருப்பது பழைய டிஎன்எஃப் 4, பெயரையும் ஏற்கும். ஐடியும் இரண்டிலும் ஒன்றில்லை. ராக்கியில் வெறும் 'டெவலப்மென்ட்', ஃபெடோராவில் 'டெவலப்மென்ட்-டூல்ஸ்'. ஒரே ஸ்கிரிப்டை இரண்டுக்கும் வைத்திருந்தால் இங்கே கவனம் வேண்டும்.

நிறுவும் முன் 'டிஎன்எஃப் குரூப் இன்ஃபோ' என்று ஐடியோடு கொடுத்துப் படியுங்கள். நான் ஒருமுறைகூட இதைத் தவிர்ப்பதில்லை. பேக்கேஜ்கள் கட்டாயம், இயல்பு, விருப்பம் என்று பிரித்துக் காட்டப்படும். சாதாரணமாக நிறுவினால் முதல் இரண்டும்தான் வரும். விருப்பப் பட்டியலும் வேண்டுமென்றால் '--வித்-ஆப்ஷனல்' சேர்க்க வேண்டும். குழுவில் பெயரைப் பார்த்தேன், ஆனால் பேக்கேஜ் வரவில்லை என்று குழம்புகிறவர்களில் பலர் பார்த்தது அந்த மூன்றாவது பட்டியலை.

கிட் போகாது. நீங்கள் கேட்டு நிறுவியது எது, குழு கொண்டுவந்தது எது என்று டிஎன்எஃப் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கும். 'குரூப் ரிமூவ்' கொடுத்தால், குழுவின் பேரில் வந்தவை மட்டும்தான் போகும். அவற்றிலும் நிறுவியுள்ள வேறொரு குழுவில் இருப்பவை தங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் முதலில் 'டிஎன்எஃப் மார்க் யூசர் கிட்' என்று கொடுங்கள். அப்புறம், ஒய் அழுத்தும் முன் நீக்கப் பட்டியலைக் கடைசி வரி வரை பாருங்கள்.

பதில்: நள்ளிரவு_பில்ட்

ஆர்ச் லினக்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று. அதன் பேக்கேஜ் கருவியான பேக்மேனிலும் குழு உண்டு, ஆனால் அது வெறும் அடையாளச் சீட்டுதான். 'பேக்மேன் -எஸ் க்னோம்' என்றால் உறுப்பினர்களை எண் போட்டுக் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். நிறுவிய பிறகு அந்தக் குழுவை நிறுவினோம் என்ற நினைவே அதற்கு இருக்காது. பின்னாளில் குழுவில் புதிதாக ஒன்று சேர்ந்தால் அது தானாக உங்களிடம் வராது. மெட்டாபேக்கேஜ் அப்படி இல்லை. அது உண்மையான பேக்கேஜ், மற்றவற்றைச் சார்புகளாக இழுத்துவரும். ஆர்ச்சில் 2019-இல் 'பேஸ்' குழு மெட்டாபேக்கேஜ் ஆனது, 2023-இல் 'பேஸ்-டெவல்'. எனக்கு அந்த மாற்றம் மிகவும் பிடித்தது. பட்டியல் மாறினால் வழக்கமான அப்டேட்டிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது.

மேக்ஃபைல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குரூப் இன்ஃபோ எடுத்துப் பார்த்தேன். பழையமுனையம் சொன்னபடியே 'சி-டெவலப்மென்ட்' குழுவின் கட்டாயப் பட்டியலில் ஜிசிசி-சி++ இருந்தது. நிறுவினேன், மேக் முழுதாக ஓடியது. பழைய குழுவையும் நீக்கிவிட்டேன். பட்டியலில் கிட் இல்லை, டாக்சிஜன் இருந்தது. அது எனக்குத் தேவைப்படுவதில்லை.

பேக்மேன் பற்றிப் படித்ததும் ஒரு கேள்வி வருகிறது. டிஎன்எஃப்பில் குழுவுக்குள் புதிதாக ஒன்று சேர்ந்தால் எப்படி வாங்குவது?

பதில்: பழையமுனையம்

'டிஎன்எஃப் குரூப் அப்கிரேட் சி-டெவலப்மென்ட்'. குழுவை நிறுவியதை டிஎன்எஃப் நினைவில் வைத்திருப்பதால், இருப்பதைப் புதுப்பிப்பதோடு குழுவில் புதிதாகச் சேர்ந்ததையும் கொண்டுவரும். நான் ஃபெடோராவை அடுத்த பதிப்புக்கு மாற்றியதும் இதை ஒருமுறை ஓட்டிவிடுவேன்.

ஸ்கிரிப்டுக்கு ஒரு யோசனை. உங்களுக்கு வேண்டியது ஜிசிசி-சி++, மேக், ஜிடிபி மூன்றும்தான் என்றால் குழுவே வேண்டாம். மூன்றையும் பெயர் சொல்லி நிறுவுங்கள். அந்தப் பெயர்கள் ராக்கியிலும் ஃபெடோராவிலும் ஒன்றுதான்.

மேக்ஃபைல்

ஸ்கிரிப்டை அப்படியே மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு கணினிக்கும் ஒரே வரி.